நாள் முழுக்க கண்டக்டராக இருக்கும் நாலு வயது மகன்

கதிர் அம்மா, அருப்புக்கோட்டை

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலேகால் வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். கதிர் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டுவிட்டார்கள். நோட்டில் எழுத உட்கார மாட்டேன் என்கிறானாம். வகுப்பில் நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டு பஸ் விடுகிறானாம், மற்ற பிள்ளைகளும் போய் ஏறிக்கொள்கிறார்களாம். வீட்டில் தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். எழுந்ததும் என் பழைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்வான். தினசரி காலண்டர் தாள்தான் டிக்கெட். ஒருநாள் பார்த்தால் எங்கள் வீட்டு காலண்டரில் மட்டும் இரண்டு வாரம் காணாமல் போயிருந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கத்தியபடி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பான். என் மாமியார்தான் தினசரிப் பயணி. அவரிடம் காசு வாங்க மாட்டான். "பாட்டிக்கு சும்மா" என்று தாளை மட்டும் கிழித்துக் கொடுப்பான். அவன் அப்பாவிடம் "பத்து ரூபா, சில்லறையா குடுங்க" என்று கறாராக நிற்பான்.

இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். பயப்பட வைத்தது வேறு ஒன்று. என் மாமனார் ஆவணியில் தவறிவிட்டார். கதிர் அவர் மடியில் வளர்ந்த பிள்ளை. கொஞ்ச நாளாக, தலையணையைப் பாயில் நீளமாகப் போட்டு, துண்டைப் போர்த்தி, மேல் முனையில் ஒரு ரூபாய்க் காசை வைக்கிறான். "தாத்தா செத்துட்டாராம். நீ அழுவணுமாம்" என்று என்னைக் கூப்பிடுகிறான். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டு அத்தை, விளையாட்டுக்குக்கூட இப்படிச் செய்யவிடாதே, நாலு போட்டுக் கண்டித்து வை என்கிறார்.

எழுத்துக்காக இந்த விளையாட்டையெல்லாம் குறைக்கவேண்டுமா? அந்த இரண்டாவது விளையாட்டை நிறுத்தவேண்டுமா? பள்ளியில் என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


சுரேஷ், ஓசூர்

சகோதரி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். விளையாடட்டும் என்று மகளை யு.கே.ஜி. வரை விட்டுவிட்டோம். ஒன்றாம் வகுப்பில் போர்டைப் பார்த்து எழுத முடியாமல் ஆறு மாதம் தினமும் அழுதாள். கூடப் படித்த பிள்ளைகள் முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்திருப்பார்கள், இவள் மூன்றாவது வரியில் நிற்பாள். அந்தக் கண்ணீரை நான் மறக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரமாவது எழுத வையுங்கள். விளையாட்டில் பிள்ளைகள் கற்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைக் கற்கிறார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.


ராஜி டீச்சர், நாகப்பட்டினம்

கதிர் அம்மா, நான் கடலோர கிராமம் ஒன்றில் 31 வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்மா.

முதலில் அந்த "ஆம்". "செத்துட்டாராம்", "அழுவணுமாம்" என்று அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நம் பிள்ளைகள் விளையாட்டுக்குள் இறங்கியதும் இந்த "ஆம்" போட்டுத்தான் பேசும். நீ அம்மாவாம், நான் பாப்பாவாம், இது தோசையாம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பெரியவர்கள் நாம் கண்ணால் பார்க்காத சேதியைச் சொல்ல இதை வைத்திருக்கிறோம்: மழை வருமாம், அவர் ஊருக்குப் போயிட்டாராம். பிள்ளை அதையே எடுத்துத் தன் காரியத்துக்கு வைத்துக்கொள்கிறது. இது நிஜம் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், இப்போதைக்கு நிஜம் மாதிரி வைத்துக்கொள்வோம் என்கிற ஒப்பந்தம் முழுதும் அந்த "ஆம்"க்குள் இருக்கிறது. செங்கல்லைத் தோசையாம் என்று பரிமாறிய பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒரு பிள்ளைகூட அதைக் கடித்ததில்லை.

தம்பி சுரேஷ் கேட்டது நியாயமான கேள்வி. எதைக் கற்கிறது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழுத்து என்பது என்ன தம்பி? மூன்று கோடு. அதை "ப" என்று ஒத்துக்கொள்கிறோம். இரண்டு கோடு, அது "ட". கோட்டுக்கும் அந்தச் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நாமாக வைத்துக்கொண்டதுதான். ஒரு பொருளை இன்னொன்றாக வைத்துக்கொள்ளப் பழகாத பிள்ளைக்கு "ப" வெறும் மூன்று கோடாகவே நிற்கும், எத்தனை பக்கம் எழுத வைத்தாலும். காலண்டர் தாளை டிக்கெட்டாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை பாதி தூரம் வந்துவிட்டது. மீதி பாதிக்கு விரல் பலப்பட வேண்டும், அதற்கும் வயது வரவேண்டும்.

உங்கள் மகளின் அழுகையை நான் லேசாக எடுக்கவில்லை தம்பி. அந்த வகுப்பில் அவளுக்கு வேகம்தான் போதாமல் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மூன்று வயதில் மணலும் மாவும் பிசைந்து, கயிறு கோத்து, பட்டாணி உரித்த விரல்கள் ஐந்து வயதில் பென்சிலை நன்றாகப் பிடிக்கும். விளையாடியதால் அவள் பின்தங்கினாள் என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். பாட்டிக்குச் சும்மா, அப்பாவுக்குப் பத்து ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் டிக்கெட் கொடுப்பார்கள் என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்து வைத்திருக்கிறான். ஆட்களை வகை பிரிக்கிறான், வகைக்கு ஒரு விதி வைத்திருக்கிறான், அந்த விதியை மாற்றாமல் நடத்துகிறான். இதைத்தான் நாங்கள் மையத்தில் சிவப்புக் குச்சி ஒரு பக்கம், பச்சைக் குச்சி ஒரு பக்கம் என்று சொல்லிக்கொடுக்கப் பாடுபடுவோம். அப்புறம் பேச்சு. உங்களிடம் "குடு" என்று கேட்கிற பிள்ளை, கண்டக்டரானதும் "குடுங்க, போங்க, நிக்காதீங்க" என்கிறது. யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லித்தரும்?

எங்கள் மையத்திலும் பஸ் உண்டு, ஆனால் படகுதான் அதிகம். பழைய வலைக்கயிறு ஒன்றை வட்டமாகப் போட்டால் படகு. ஒரு காலத்தில் தினமும் சண்டை. எட்டுப் பிள்ளைகள், எட்டுப் பேரும் இன்ஜின் பிடிக்கவேண்டும். நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் ஒரு பெண் பிள்ளை, மீன் கிடைத்ததும் ஆள் மாறணுமாம் என்று ஒரு சட்டம் போட்டது. அன்றிலிருந்து சண்டை இல்லை. எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. நானாக இருந்தால் வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லி விளையாட்டையே முடித்திருப்பேன்.

விளையாட்டை நான் கெடுத்த கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொம்மை மூலையில் பிள்ளைகள் சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இந்தத் தக்காளி என்ன கலர்? எத்தனை தட்டு இருக்கு, எண்ணு பார்ப்போம்" என்று கேட்பேன். சூபர்வைசர் வந்தால் படிப்பு நடப்பதாகத் தெரியவேண்டுமே. ஒரு நிமிடத்தில் பிள்ளைகள் எழுந்து போய்விடும். எங்கள் ஆயா படிக்காதவர். அவர் போய், "யம்மா பசி உசுரு போவுது, ரெண்டு இட்டிலி வையி" என்று திண்ணையில் உட்காருவார். அரை மணி நேரம் அந்தக் கடை நடக்கும். இட்டிலி எண்ணி வைப்பார்கள், சட்னி பத்தவில்லை என்றால் அரைப்பார்கள், கணக்குச் சொல்வார்கள். ஆயாவிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். உள்ளே போவதென்றால் ஆளாகப் போகவேண்டும், டீச்சராகப் போகக் கூடாது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்மா. எழுது என்று கூப்பிடாமல், பஸ்ஸில் ஏறுங்கள். "ஏம்ப்பா கண்டக்டர், இது எங்க போற பஸ்? போர்டே இல்லையே" என்று கேளுங்கள். போர்டு எழுத அவனே ஓடுவான். முதலில் கிறுக்கல்தான் வரும். அதை வாங்கி "மதுரையா? சரி" என்று படித்துவிட்டு உட்காருங்கள். நாலு நாள் கழித்து "டிக்கெட்டுல ரேட்டு போடலியே, செக்கிங் வந்தா என்ன பண்ணுறது" என்று கேளுங்கள். ஒன்றும் சுழியும் தானாக வரும். ஆனால் தினமும் இப்படிக் கேட்காதீர்கள். பாடம் நடத்துகிறீர்கள் என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்து நாளில் நாலு நாள் வெறும் பயணியாக உட்கார்ந்து ஜன்னலைப் பாருங்கள்.

சாமான் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். யாரோ நல்ல மனதோடு எங்கள் மையத்துக்குப் பிளாஸ்டிக் அடுப்படி செட் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதில் கேரட் கேரட்டாகத்தான் இருக்கும், வேறெதுவாகவும் ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. கொட்டாங்குச்சி நான் ஓய்வு பெறும்வரை ஓடியது. கிண்ணமாக, ஆமையாக, போலீஸ் தொப்பியாக, ஒரு தடவை நிலாவாகக்கூட. ரெண்டு வயதுக் குழந்தைக்கு மட்டும் போன் என்றால் போன் மாதிரியே இருக்கவேண்டும். நாலு வயதுக்குச் செங்கல் போதும்.

இப்போது தாத்தா. இதை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அன்று மையம் கிடையாது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். என் மையத்துப் பிள்ளைகளிலும் சில பேர். அந்தப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். ஜனவரியில் ஒரு தகரக் கொட்டகையில் மறுபடி ஆரம்பித்தோம். முதல் வாரம் பிள்ளைகள் பேசவே இல்லை. இரண்டாவது வாரம் ஒருவன் திடீரென்று "அலை வருதாம், ஓடு" என்று கத்தினான். அவ்வளவு பேரும் ஓடி வாசற்படியில் ஏறி நின்றார்கள். கையில் கிடைத்ததை, செங்கல்லை, செருப்பை, குழந்தையாம் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பெண் பிள்ளை மட்டும் ஓடாது. உட்கார்ந்து மணலைத் தோண்டி பொம்மையைப் புதைக்கும். எடுக்கும், மறுபடி புதைக்கும்.

எனக்குத் தாங்கவில்லை. வெளியே வந்து அழுதேன். பிறகு உள்ளே போய் அதட்டி நிறுத்தினேன். பிள்ளைகள் நிறுத்தின, ஆனால் மறுநாள் கொட்டகைக்குப் பின்னால் போய் எனக்குத் தெரியாமல் விளையாடின. அப்போது முகாமுக்கு வந்திருந்த ஒரு மனநல ஆலோசகர் அம்மா சொன்னார்: தடுக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள், மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். நான் உட்கார்ந்தேன். ஒரு மாதம் போல ஆனது. முதலில் ஓடுவது மட்டும்தான் இருந்தது. பிறகு ஒரு படகு வந்து ஆளை ஏற்றியது. பிறகு மேட்டில் சோறு ஆக்கினார்கள். பொம்மையைப் புதைக்கும் பிள்ளை ஒருநாள் அதை எடுத்து, துடைத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வாங்க வரிசையில் நின்றது. நான் என் கையால் மணல் சோறு போட்டேன்.

ஒரு பையனுக்கு மாறவே இல்லை. தினமும் அதே ஓட்டம், யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டான், உடம்பு விறைத்துப் போகும், விளையாடி முடித்தால் முகம் இன்னும் இருண்டு கிடக்கும், ராத்திரி தூக்கமும் இல்லை. அவனை அந்த ஆலோசகரிடமே சேர்த்தோம், நாளாகித் தேறினான்.

உங்கள் கதிர் உங்களைக் கூப்பிடுகிறான், "ஆம்" போட்டுக் கூப்பிடுகிறான். பெரியவர்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள், ஏன் காசு வைத்தார்கள், ஏன் எல்லோரும் அழுதார்கள் என்று அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டோம். சாவு வீட்டில் பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அதனால் தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்க்கிறான். அடிக்காதீர்கள், வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவன் கேட்டதுதானே. கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். தாத்தா தூங்குகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் ராத்திரி தூங்கப் பயப்படும். தாத்தா செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார், நாம் அவரை நினைத்துக்கொள்ளலாம், இது போதும்.

உங்கள் மாமியாரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்கு அது விளையாட்டு இல்லை, அவர் கண்ணெதிரே போனவர். அவர் இருக்கும்போது வேறு அறையில் விளையாடுவோம் என்று கதிரிடம் சொல்லலாம், அதில் தப்பில்லை. வாரக்கணக்கில் கொஞ்சமும் மாறாமல் அப்படியே இருந்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ ஒரு குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.


அமுதா, கோவை

குழந்தை வளர்ச்சித் துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

"ஆம்" பற்றி அவர் சொன்னதை ஒட்டி ஒன்று. லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1933இல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த வருடம் 37 வயதில் காசநோயால் இறந்துபோனார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் பிள்ளையைத்தான் அவர் உதாரணமாகக் காட்டினார். குச்சியின் உதவியோடு "குதிரை" என்ற அர்த்தம் நிஜக் குதிரையிலிருந்து கழன்று வருகிறது என்றார். நம் மொழியில் "பொருள்" என்ற ஒரே சொல் சாமானையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். பொருளிலிருந்து பொருளைப் பிரிக்கப் பிள்ளை பழகுகிறது என்று இதை வகுப்பில் சொல்வேன். மாணவிகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் அவர் சொன்னார். பாவனை விளையாட்டு என்றால் இஷ்டப்படி இருப்பது என்று நினைக்கிறோம், உண்மையில் அதில் விதிதான் அதிகம். கண்டக்டர் உட்காரக் கூடாது, டிக்கெட் கொடுக்காமல் யாரையும் விடக் கூடாது. தனக்குப் பிடித்ததைச் செய்யாமல் வேஷத்துக்கு ஏற்றதைச் செய்யப் பிள்ளை தன்னையே கட்டுப்படுத்துகிறது. இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மனுயிலென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வில், சும்மா அசையாமல் நில் என்றால் நிற்காத சின்னப் பிள்ளைகள், காவல்காரனாக நிற்கும் விளையாட்டில் கூடுதல் நேரம் அசையாமல் நின்றார்கள். எழுத உட்கார மாட்டேன் என்கிற கதிர், பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஒரே காரியத்தில் நிற்கிறான் என்று ஒருநாள் கடிகாரத்தைப் பாருங்கள்.

சுரேஷ் அவர்களுக்காக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2013இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலின் லில்லார்டும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்தார்கள். பாவனை விளையாட்டால் மட்டும்தான் அறிவு வளர்கிறது, படைப்புத்திறன் வளர்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பது அவர்கள் முடிவு. பல வழிகளில் ஒரு வழியாக இருக்கலாம், அல்லது கூட உட்காரும் பெரியவர்களின் பேச்சுதான் பிள்ளையை வளர்க்கிறதோ என்னவோ என்றார்கள். இதை நான் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் விளையாட வைத்தால் பிள்ளை மேதையாகும் என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதே சமயம், இந்த ஆய்வைக் காட்டி நாலு வயதுப் பிள்ளையை இரண்டு பக்கம் எழுத வைக்கவும் முடியாது. அதற்கு ஆதரவாக அதில் ஒரு வரிகூட இல்லை.

பெரியவர்கள் கூட உட்காருவது பற்றி 1968இலேயே சாரா ஸ்மிலான்ஸ்கி இஸ்ரேலில் செய்த ஆய்வு வந்துவிட்டது. சேர்ந்து பாவனை விளையாட்டு ஆடிப் பழகாத பிள்ளைகளோடு ஆசிரியர்கள் தாங்களும் இறங்கி ஆடிக் காட்டினார்கள், பிள்ளைகளின் விளையாட்டும் பேச்சும் விரிந்தன. டீச்சரின் ஆயா இட்டிலி கேட்டு உட்கார்ந்தது அதேதான்.

பள்ளியில் பேசும்போது ஒன்றைச் சொல்லலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை பற்றி நம் மாநிலத்தில் பெரிய கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் கதிர் வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்கவேண்டும் என்பதில் அதுவும் நம் அங்கன்வாடிகளின் "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" பாடத்திட்டமும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.


பிரபா, சென்னை

நான் மாண்டிசோரி ஆசிரியை, கொஞ்சம் மாறுபடுகிறேன். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் முதல் பள்ளியைத் திறந்தபோது நல்ல பொம்மைகளும் வைத்திருந்தார். பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டு நிஜ வேலைகளைத்தான் தேடிப் போனார்கள் என்று கண்டார். பிறகு 1939இல் நம் அடையாறுக்கு வந்து வருடக்கணக்கில் தங்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளைக்கு பாவனைச் சமையலைவிட, நிஜமாகவே பூண்டு உரிக்க, தண்ணீர் ஊற்ற, சின்னத் துடைப்பத்தால் பெருக்கக் கொடுத்தால் முகம் மலர்வதை நான் தினமும் பார்க்கிறேன். கதிருக்கு நிஜச் சில்லறையை எண்ணக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஜ டவுன் பஸ்ஸில் கூட்டிப் போய், டிக்கெட்டை அவனே வாங்கட்டும்.


ராஜி டீச்சர், நாகப்பட்டினம்

பிரபா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பிள்ளைகள் காலையில் வீட்டில் நிஜமாகவே கருவாடு காய வைத்துவிட்டு வந்து, மையத்தில் சாயங்காலம் வரை கருவாடு காயுதாம் என்று விளையாடும். ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது. நிஜ பஸ்ஸில் போய்வந்தால் கதிரின் பஸ் இன்னும் நன்றாக ஓடும்.


யாழினி அம்மா, பட்டுக்கோட்டை

மன்னிக்கவும், இடையில் ஒரு கேள்வி. எல்லோரும் விளையாட்டை நிறுத்தலாமா என்று பேசுகிறீர்கள். என் மகளுக்கு வரும் மாதம் மூன்று வயது. இப்படி எதையும் விளையாடுவதே இல்லை. பொம்மையை வரிசையாக அடுக்குவாள், கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். பொம்மைக்குச் சோறு ஊட்டு என்று செய்து காட்டினாலும் பார்க்க மாட்டாள். பேச்சும் குறைவு. வீட்டில் எல்லோரும் தானாகச் சரியாகும் என்கிறார்கள்.


ராஜி டீச்சர், நாகப்பட்டினம்

மன்னிப்பு எதற்கும்மா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். காத்திருக்காதீர்கள். ஒன்றரை வயதிலிருந்தே பிள்ளைகள் வெறும் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பது போலச் செய்ய ஆரம்பித்துவிடும். மூன்று வயதிலும் பாவனையே இல்லை, பேச்சும் குறைவு என்றால் ஒரு மருத்துவர் பார்த்துவிடுவது நல்லது. அது பெரிய குறை என்று அர்த்தம் இல்லை, காது கேட்பதில் சிறு பிரச்சினையாகக்கூட இருக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், குழந்தைகள் வளர்ச்சியைப் பார்க்கும் டி.இ.ஐ.சி. மையம் எங்கே என்று கேளுங்கள். கட்டணம் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா, எதையாவது கைகாட்டி உங்களுக்குக் காண்பிக்கிறாளா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டருக்கு உதவும். அதுவரை அவள் அடுக்குவதைக் கலைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒன்றை அடுக்குங்கள். எங்கள் மையத்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். அவன் அடுக்கிய வரிசைக்கு ஆயா ரயிலாம் என்று பெயர் வைத்தார். பல மாதம் கழித்து ஒருநாள் "கூ" என்றான். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்மா.


கதிர் அம்மா, அருப்புக்கோட்டை

மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி, ராஜி டீச்சருக்குத் தனியாக.

பள்ளியில் போய்ப் பேசினேன். வகுப்பு மிஸ் பொறுமையாகக் கேட்டார். இரண்டு பக்கத்தை நாலு வரியாகக் குறைத்திருக்கிறார். நாற்காலி பஸ்ஸுக்கு இடைவேளையில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் அவர் கையில் இல்லை என்று புரிகிறது, ஐம்பது பெற்றோர் நோட்டைப் பார்க்கிறார்கள்.

போர்டு விஷயம் டீச்சர் சொன்னபடியே நடந்தது. முதல் நாள் கிறுக்கல். நாலாம் நாள் "ம" எப்படிப் போடுவது என்று அவனே வந்து கேட்டான். இப்போது எங்கள் பஸ்ஸின் முன்னால் ஒரு "ம" தொங்குகிறது, தலைகீழாக. டிக்கெட் எல்லாவற்றிலும் 10. நிஜ பஸ்ஸிலும் போய்வந்தோம். வந்தபின் விசிலும் சேர்ந்துவிட்டது.

அந்த இன்னொரு விளையாட்டை அடுத்த அறையில் நானும் அவனும் ஐந்தாறு தடவை விளையாடினோம். இரண்டாவது தடவை நான் நிஜமாகவே அழுதுவிட்டேன். மாமனார் போனபோது வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்ததில் நான் சரியாக அழவே இல்லை. கதிர் என் முகத்தைத் துடைத்துவிட்டு "போதுமாம்" என்றான். காசு ஏன் வைத்தார்கள் என்று கேட்டான். பாட்டிக்குத்தான் தெரியும் என்றேன். அவனே போய்க் கேட்டான், அவர் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் ஏதோ சொன்னார். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தலையணை இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டது. முந்தாநாள் சாயங்காலம் பஸ் கிளம்பும்போது கதிர் அதைத் தூக்கி வந்து ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து வைத்து, "தாத்தா ஏறிட்டாராம்" என்றான். நான் பயந்துபோய் மாமியாரைப் பார்த்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "கண்டக்டர், எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் குடுப்பா" என்றார்.

"பாட்டிக்கு சும்மா. தாத்தாவுக்கு பத்து ரூபா."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, நிஜமாகவே பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.